ஒன்பதாவது தட்டு

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான். எடுத்த காரியத்தை முடிக்கக் கூடாது.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உழைத்துத்தான் அந்தக் காரியத்தை முடிக்காமல் வைத்திருந்தேன். ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டின் பின்னறையில் ஆளுயரத்துக்கு ஒரு கேம் பெட்டி. அந்தக் காலத்தில் கடைகளில் காசு போட்டு விளையாடுவோமே, அதே மாதிரி. மேலே திரை, கீழே இரண்டு ஜாய்ஸ்டிக், பன்னிரண்டு பொத்தான். பலகை அறுத்தது நான். சாயம் அடித்தது நான். ஒயர் இழுத்ததும் நான். லோகேஸ்வரன் என்ற நான், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஊரார் சாமான்களைச் சோதித்துப் பாஸ் போடுகிறவன். சொந்தச் சாமானுக்கு மட்டும் பாஸ் போட்டதே இல்லை.

என் மனைவி ஜெகதீஸ்வரி அதைப் பீரோ என்பாள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் தம்பி கோகுலன் சுங்கை பாக்காப்பில் இருக்கிறான். ஞாயிறானால் நாங்கள் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். தங்கமான பையன். ஆனால் பாடுவான். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கராவோக்கே செட்டைத் திறந்தால் சாயந்தரம் ஐந்து வரைக்கும் பாடுவான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் "எப்படி மாமா?" என்பான். நல்லா இருக்கு என்றால் மறுபடியும் பாடுவான். பரவாயில்லை என்றால் சரியாக வரும்வரை பாடுவான். அக்கா புருஷன் என்ற மரியாதைக்கு என் நாற்காலியை ஸ்பீக்கரை ஒட்டிப் போடுவார்கள்.

அதனால்தான் எனக்குக் கம் தேவைப்பட்டது. பலகை ஒட்டுகிற கம்.

"கெளம்பலையா?"

"நீ போய்ட்டு வா ஜெகா. கம் காயணும். காயற வரைக்கும் ஆள் பக்கத்துல இருக்கணும்."

"போன வாரமும் கம்தானே காய்ஞ்சுது?"

"அது இடது பக்கம்."

அவள் காடிச் சாவியை எடுத்துத் தானே ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். நான் கம்முக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துவிடுவேன். வேலை தப்பித்தவறி முடிந்துவிடக் கூடாதே என்று மெயின் ஒயரைக் கழற்றி மைலோ டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஒயர் இல்லாமல் பெட்டி எரியாது. பெட்டி எரியாதவரை என் ஞாயிற்றுக்கிழமை எனக்கு.

ஆறு மாசத்துக்கு முன்னால் ஒருநாள் ஜெகதீஸ்வரி பின்னறைக்கு வந்து, "இது என்ன அகலம்?" என்று கேட்டாள். இரண்டடி மூன்று இஞ்ச் என்றேன். உயரமும் கேட்டாள். சொன்னேன். "பரவால்லையே, கணக்காத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள். என் கைவேலையை அவள் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டு திரிந்தேன்.

இப்படி நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் கோகுலன் வாங்கியிருந்த புது வீடு வேலை முடிந்து தயாரானது. அதுவும் சுங்கை பாக்காப்பிலேயே. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பூசை. திங்கட்கிழமை சாயந்தரமே ஜெகதீஸ்வரி ஹாலில் சீர்த்தட்டுகளை வரிசையாகப் பரப்பிவிட்டாள்.

"எட்டு இருக்கு," என்றாள்.

"நல்ல நம்பர்."

"சீர் ஒத்தப்படையிலதான் போகணும். தெரியாத மாதிரி பேசாதீங்க. ஒண்ணு கொறையுது."

"அப்ப ஒண்ண எடுத்துரு. ஏழு."

"கூடப் பொறந்தவனுக்குச் சீரக் கொறைப்பாங்களா?"

"ஒரு தட்டுல வாழைப்பழம் வையேன்."

"வச்சாச்சு. மூணாவது தட்டப் பாருங்க." பெருமூச்சு விட்டாள். "எல்லாரும் கடையில வாங்குனதத்தான் கொண்டு வருவாங்க. நம்ம கையால செஞ்சதுன்னு ஒண்ணு இருந்தா..."

பின்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு வெற்றிலையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

என் மூளை வேலை செய்தது. புது வீடு என்றால் புது ஸ்பீக்கரும் இருக்கும். பூசைக்குப் போகாமல் இருக்க வெறும் கம் போதாது. பெரிய காரணம் வேண்டும்.

"ஜெகா, இத்தன நாளா உன்கிட்ட சொல்லல. அந்தப் பெட்டியே கோகுலனுக்குத்தான்."

"எது, பீரோவா?"

"நாலு வருஷமா அவனுக்காகத்தான் செய்யறேன். அதுதான் ஒம்போதாவது தட்டு. ஆனா வேல பாக்கி இருக்கு. ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியலன்னா நீ முன்னால போ. நான் உக்காந்து முடிச்சிட்டுப் பின்னாலயே கொண்டாந்துடறேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. அப்படியே ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, மாமா ஒனக்குக் கையால சீர் செய்யறாங்கடா. நாலு வருஷமா."

அந்தப் பக்கம், "மாமா..." என்று கோகுலன் குரல் தழுதழுத்தது.

"இருக்கட்டும்லா மச்சான்," என்றேன். முடியவே முடியாத ஒன்றைத் தானம் கொடுப்பதற்கு யாருக்குத்தான் மனசு வராது?

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தேன். எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டு நூர் ஃபாத்திஹா ஸ்க்ரூ டிரைவரோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். தொழிற்கல்லூரியில் ஒயரிங் சொல்லிக் கொடுக்கிற பெண்.

"சியாப் டா, அபாங்," என்றாள் சிரித்த முகமாக. மலாயில், வேலை முடிந்துவிட்டது அண்ணே என்று அர்த்தம். நான்கு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லிவிடாமல் நான் காப்பாற்றி வந்த வார்த்தை.

உள்ளே ஓடினேன். பெட்டி எரிந்துகொண்டிருந்தது. திரையில் வெளிச்சம், பொத்தான்களில் சிவப்பும் பச்சையும், உள்ளிருந்து டிங் டிங் என்று சத்தம். நான் அப்படியே நின்றுவிட்டேன். என் கையால் செய்தது இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. நான்தான் அதை ஒருநாளும் எரியவிட்டதில்லையே. இதை யாருக்கும் கொடுக்க எனக்கு மனசில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"வேலையே பாக்கி இல்லையாம்," என்றாள் ஜெகதீஸ்வரி. "மெயின் ஒயரத்தான் காணோம்னு ஃபாத்திஹா சொன்னா. எடுத்துக் குடுத்தேன்."

"அது எங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த வீட்டுல நாலு வருஷமா மைலோ கலக்குறது யாரு?"

"கம் இன்னும் காயலையே, ஜெகா."

"தொட்டுப் பாத்தேன். நல்லாவே காஞ்சிருக்கு."

சரி, போகட்டும். ஒரு ஆட்டமாவது ஆடலாம் என்று ஜாய்ஸ்டிக்கில் கை வைத்தேன். அவள் என் கையை எடுத்து என் பக்கமாகவே வைத்தாள்.

"சீர்ப் பொருள குடுக்கறதுக்கு முன்னால நாம பொழங்கக் கூடாது."

"ஒரே ஒரு ஆட்டம்."

"ஒரு ஆட்டம் ஆடுனாலும் பழசுதான். பழசையா தம்பிக்குக் கொண்டு போறது?"

"அப்ப அவனுக்கு வேற ஏதாவது புதுசா வாங்கிக் குடுப்போம்."

"சொன்ன சீர மாத்தறதா? ஸ்பீக்கர்ல சொல்லியாச்சு. அம்மா அவன் பக்கத்துலதான் இருந்தாங்க."

மாமியார் காதில் விழுந்த பிறகு அது கல்லில் எழுதினது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது. என் பெட்டிக்கு ஜெகதீஸ்வரி மாலை போட்டுக் குங்குமம் வைத்தாள். வெட்டுக்குப் போகிற ஆட்டுக்கு வைப்பதுபோல் இருந்தது எனக்கு. புது வீட்டு வாசலில் எட்டுப் பெண்கள் எட்டுத் தட்டு ஏந்தி முன்னால் போனார்கள். ஒன்பதாவது தட்டை நானும் லாரிக்கார இக்மலும் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். கோகுலன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நானும் அழுதேன். பாசத்தில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. ஹால் சுவர் முழுக்க அலமாரி அடித்திருந்தான்.

"இடம் இருக்கா மச்சான்?" என்றேன். "இல்லன்னா சொல்லு, சங்கடப்படாத. நான் வீட்டுலயே பத்திரமா வச்சுக்கறேன்."

"வாங்க மாமா," என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

அலமாரிக்கு நடுவில் ஒரு இடைவெளி. முழங்கால் உயரத்தில் ஒரு ப்ளக். பெட்டியைத் தள்ளினோம். விரல் நுழைய இடமில்லாமல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. பக்கத்திலேயே என் உயரத்துக்கு ஒரு புது ஸ்பீக்கர்.

"என்ன மச்சான், அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு?"

கோகுலன் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அளவெடுத்ததுதான் மாமா. ஆறு மாசத்துக்கு முன்னால அலமாரி வேல ஆரம்பிச்சப்பவே அக்கா அனுப்பிட்டாங்க, ரெண்டடி மூணு இஞ்ச்னு. ஸ்பீக்கருக்குப் பக்கத்துல உங்க நாற்காலிக்கும் சேத்து எடம் விடச் சொன்னாங்க."