நாற்பத்தெட்டுத் துண்டு ஜன்னல்

கடைசித் துண்டையும் வெட்டி முடித்து ஊசியக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தபோதுதான், ஒன்பது வருஷமாக ஹால் சுவரில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத அந்தப் படத்துக்கு வீட்டில் மூன்று ரசிகர்கள் இருப்பது தெரியவந்தது.

முதல் ரசிகர் அவளுடைய கணவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சனிக்கிழமை மதியம் சாப்பிட வந்தவர், தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துக் கடைச் சாவியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"என்ன பண்ணி வச்சிருக்கே நீ? அது நம்ம வீட்டுப் படம்."

"நம்ம வீட்டுப் படம் இல்லங்க. என் படம். நான் வரைஞ்சேன், நான் வெட்டினேன்."

"அதுக்காக? எவ்வளவு அருமையான படம். தினமும் அதை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் நான் கடைக்கே கிளம்புவேன்."

ஊசியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்படியா? அதுல என்ன இருந்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"கப்பல்" என்றார். மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "பெரிய கப்பல்னு நான் சொல்லல. படகு மாதிரி" என்று கொஞ்சம் இறங்கி வந்தார்.

அது ஜன்னல். நீல வண்ணம் அடித்த, ஆறு கம்பி போட்ட, ஒரு கதவு மட்டும் திறந்திருக்கும் ஜன்னல். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதருக்கு ஒன்பது வருஷமாக அது கப்பலாகத் தெரிந்திருக்கிறது.

சத்தம் கேட்டு மாடியில் குடியிருக்கும் நாத்தனார் இறங்கி வந்தாள். "உங்களுக்கு எப்படி அண்ணி மனசு வந்துச்சு?" என்று கேட்டு, துண்டுகளின் பக்கத்தில் துக்கம் விசாரிக்க வந்தவள்போல உட்கார்ந்தாள். அந்தப் படத்தைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு கடிகாரம் மாட்டலாம் என்று மூன்று முறை யோசனை சொன்னவளும் இவளேதான். ஊசியக்கா அதை ஞாபகப்படுத்தியதற்கு, அது கடிகாரத்தின் மேலிருந்த ஆசையே தவிர, படத்தின் மேலிருந்த வெறுப்பு இல்லை என்று விளக்கம் வந்தது.

கல்லூரியில் படிக்கும் மகள் அறைக்கதவிலிருந்தே தன் இழப்பைச் சொன்னாள். ஆன்லைன் கிளாஸில் அவளுக்குப் பின்னால் தெரிகிற படமாம் அது. இனிமேல் பின்னால் என்ன தெரியும், ஆணியா?

ஊசியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அந்த வட்டாரத்தில் அவளிடம் கையை நீட்டாதவர்கள் குறைவு. ஊசியக்கா என்ற பேர் அப்படி வந்ததுதான். ஊரே அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதையெல்லாம் அவள் பொருட்படுத்தியதில்லை. ஆனால் சொந்த வீட்டில், தன் கையால் வரைந்த படத்துக்கு, வெட்டிய பிறகுதான் மரியாதை என்பது என்ன நியாயம்?

இத்தனைக்கும் அவள் ஆசைப்பட்டது ரொம்பச் சின்ன விஷயம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓவிய வகுப்பு நடத்தும் மாஸ்டர், ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களின் படங்களைக் கண்காட்சியில் வைப்பார். ஊசியக்கா சேர்ந்த முதல் வருஷம், வகுப்பறை ஜன்னலையே காட்டி பதினோரு பேரையும் வரையச் சொன்னார். பதினோரு ஜன்னல்கள் வந்தன. பேர் போட்டுக்கொள்ளும் அளவுக்கு இன்னும் யாரும் வளரவில்லை என்று கையெழுத்துப் போடவும் விடவில்லை. காய்ந்ததும் சுருட்டி ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்து அனுப்பினார். அதில் எதுவும் கண்காட்சிச் சுவரில் ஏறவில்லை. அதற்குப் பிறகு ஊசியக்கா வரைந்த பூ, பழம், பூனை எதுவும் ஏறவில்லை. "இன்னும் கொஞ்சம் உயிர் வேணும்மா" என்பார் மாஸ்டர். ரத்தத்தோடு இருபது வருஷம் பழகியவளிடம் உயிர் போதவில்லை என்றால் அவள் எங்கே போவாள்?

இந்த வருஷம் மாஸ்டர் புதுச் சட்டம் போட்டார். எல்லோரும் அவரவர் பழைய படம் ஒன்றை எடுக்க வேண்டும். பிரித்துப் போட வேண்டும். துணி, நூல், தகரம் என்று வீட்டில் கிடைத்ததையெல்லாம் கலந்து வேறொன்றாகச் சேர்க்க வேண்டும். பக்கத்தில் பழைய படத்தின் போட்டோவை ஒட்ட வேண்டும். துணிந்து பிரித்தவர்களின் படம் மட்டுமே சுவரில் ஏறும். கண்டிப்பாகச் சொந்தப் படமாக இருக்க வேண்டும். அடுத்தவர் படத்தில் கத்தரி வைப்பவர்களுக்கு வகுப்பிலேயே இடம் கிடையாது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கொண்டுவர வேண்டும்.

நாளைக்குத்தான் அந்த ஞாயிறு.

துண்டுகள் நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் பரிசோதனைக்கூடத்து ஸ்டிக்கரில் எண் எழுதி ஒட்டியிருந்தாள். எந்த எண் எங்கே போக வேண்டும் என்று ஒரு தாளில் வரைபடமும் போட்டிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கணவர் புழுக்கமாக இருக்கிறது என்று ஃபேனைப் போடும்வரை.

ஜன்னல் அறை முழுக்கப் பறந்தது. நாற்பத்தாறு துண்டுகள் கிடைத்தன. ஒன்று அலமாரிக்கு அடியில் இருந்தது. இன்னொன்றை அரைமணி நேரம் தேடி, கடைசியில் நாத்தனாரின் பாதத்திலிருந்து உரித்தெடுத்தார்கள். வரைபடத்தாள் அகப்படவே இல்லை.

"நான் காத்துக்காகத்தான் போட்டேன்" என்றார் கணவர்.

"வேற எதுக்கு ஃபேன் போடுவாங்க?" என்றாள் ஊசியக்கா.

ஞாபகத்தை வைத்துப் பலகையில் ஒட்ட ஆரம்பித்தாள். பத்துத் துண்டு ஒட்டியபிறகுதான், எண்கள் எல்லாம் பசைக்கு அடியில் போய்விட்டது உறைத்தது. சரி, எண் முன்பக்கமே இருக்கட்டும் என்று மற்றவற்றுக்கு முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டினாள். எல்லாவற்றையும் பலகையில் சேர்த்துவிட்டு, இனி ஸ்டிக்கர் வேண்டாம் என்று ஒன்றை உரித்தாள்.

ரத்தக்குழாயில் ஒட்டும் ஸ்டிக்கர் அது. ஐஸ்பெட்டியில் வைத்தாலும் வராது, தண்ணீரில் போட்டாலும் வராது. இப்போது வந்தது, ஆனால் அடியிலிருந்த நீலத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. படத்தில் சதுரமாக ஒரு வெள்ளை.

மகள் மனமிரங்கித் தலை உலர்த்தும் மெஷினை எடுத்து வந்தாள். சூடு காட்டினால் பசை இளகிவிடும் என்றாள். சூடு காட்டினார்கள். பசை அசையவில்லை, வண்ணம் கொப்புளித்தது. மணி நாலாவதற்குள் ஜன்னலுக்கு அம்மை போட்டாற்போல் ஆகிவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் நாத்தனார். அவள் எப்போது, என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது. கடைக்குப் போய் ஒரு டப்பாவோடு திரும்பினார். அளவு தப்பாகிப்போன பழைய லென்ஸ்கள், எப்படியும் குப்பைக்குப் போக வேண்டியவை என்றார். வெள்ளை விழுந்த இடங்களின் மேல் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். இருபத்திரண்டு வருஷக் குடும்பத்தில் அவர் தானாக முன்வந்து செய்த உதவிகளில் இது மூன்றாவது. ஊசியக்கா நெகிழ்ந்துபோய்ப் பதினாறு லென்ஸ்களை ஒட்டினாள். நாத்தனாரும் மாடியிலிருந்து ஒரு பழைய திரைச்சீலையைக் கொண்டுவந்து, ஜன்னல் என்றால் திரை வேண்டாமா என்று கிழித்துக் கொடுத்தாள்.

ஆறு மணிக்குக் கடையிலிருந்து போன் வந்தது. தலைமையாசிரியர் ஒருவருக்காகத் தயாராக வைத்திருந்த லென்ஸ் ஜோடியைக் காணவில்லை. காலையில் வாங்க வருகிறார். குப்பை டப்பா மட்டும் பத்திரமாக இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கணவர் மெல்லப் படத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒட்டுறதுக்கு முன்னாடி டப்பா மேல என்ன எழுதியிருக்குன்னு பாக்க மாட்டியா?"

ஊசியக்கா எழுந்து நின்றாள். அன்று முழுக்க அடக்கி வைத்திருந்த அத்தனையும் ஒன்றாகக் கிளம்பியது.

"நான் பாக்கணுமா? ஒரு நாளைக்கு இருநூறு குழாய் என் கையில வந்து போகுது. இந்த இருபது வருஷத்துல ஒண்ணு, ஒரே ஒண்ணு மாறியிருக்கா? ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேர்ல போயிருக்கா? உங்க கடையில மொத்தமே ரெண்டு டப்பா. அதைச் சரியா எடுத்துட்டு வரத் தெரியல. கண்ணாடி விக்கிறவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எடுத்திருக்கணும்."

அவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி கடை மேஜையில் இருந்தது.

லென்ஸைப் பெயர்க்க முயன்றார்கள். பிளேடு நுழையவில்லை. மெஷின் சூட்டுக்கும் மசியவில்லை. நாத்தனார் நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைக் கொண்டுவந்து, யாரும் தடுப்பதற்குள் தாராளமாக ஊற்றினாள். லென்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் அடியிலிருந்த நீலம் மட்டும் கரைந்து, கம்பி கம்பியாகக் கீழே வழிந்தது.

"ஐயோ, துடை, துடை" என்று கணவர் கைக்குட்டையோடு பாய்ந்தார்.

"யாரும் தொடாதீங்க" என்றாள் ஊசியக்கா.

குரல் வேறு மாதிரி இருந்ததால் மூவரும் நின்றுவிட்டார்கள். அவள் இரண்டடி தள்ளிப்போய்ப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கிழிந்த திரை உள்பக்கமாகப் பறந்தது. லென்ஸ்களுக்குள் ஒரு கம்பி பருத்தும் இன்னொன்று இளைத்தும் தெரிந்தன. தலையை அசைத்தால் அவையும் அசைந்தன.

அவர்களும் வந்து பக்கத்தில் நின்றார்கள். மகள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் குடும்பம் மொத்தமாகச் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தது அன்றுதான்.

"ஜன்னல்" என்றார் கணவர், ரொம்ப மரியாதையாக.

பழைய படத்தின் போட்டோவுக்கு மகளின் ஆன்லைன் கிளாஸ் படம்தான் கிடைத்தது. ஓரத்தில் அவள் காது தெரிந்தது. பரவாயில்லை என்று அதையே ஒட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊசியக்காவின் படம் சுவரில் ஏறியது. ஓரமாகக்கூட இல்லை, நட்ட நடுவில். கடையில் விளக்கத்தைக் கேட்டுவிட்டுத் தலைமையாசிரியர் கோபமாகத்தான் வந்தார். தன் லென்ஸை அடையாளம் காண முகத்தைப் படத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தவர், மூன்று வாரமாக மங்கிக் கிடந்த உலகத்தில் இந்த ஒரு இடம்தான் தெளிவாகத் தெரிகிறது என்று நகரவே மறுத்தார். நாத்தனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மழை தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திவைத்துப் பேசினார். மற்றவர்கள் ஓரத்தைக் கிள்ளிவிட்டு நூலைச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள், இந்தம்மா ஒருத்திதான் இரக்கமில்லாமல் வெட்டியிருக்கிறார் என்றார். "ஒன்பது வருஷம் வீட்டுல வச்சுப் பாத்த சொந்தப் படத்தை வெட்டணும்னா சாதாரண மனசு போதாது. உயிர் வந்துருச்சும்மா."

கணவர் முதல் வரிசையில் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைதட்டினார்.

கூட்டம் டீ குடிக்கக் கலைந்தபிறகும் ஒருத்தி மட்டும் படத்துக்கு முன்னால் நின்றாள். பேக்கரிக்காரி. முதல் வருஷ வகுப்பில் ஊசியக்காவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவள். அதோடு வகுப்புக்கு முழுக்குப் போட்டவள். இன்றைக்கு பிஸ்கட் கொண்டுவந்து கொடுக்க வந்திருந்தாள். அவள் புதுப்படத்தைப் பார்க்கவில்லை. காது தெரியும் போட்டோவில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து, வளைந்திருந்த மூன்றாவது கம்பியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அக்கா" என்றாள்.

ஊசியக்காவுக்கு நேற்றிலிருந்து ஆறாமல் இருந்தது மறுபடி கொதித்தது. வீட்டில் மூன்று ரசிகர்கள் போதாது என்று வெளியிலிருந்து நாலாவதா?

"யாரைக் கேக்கணும்? எதுக்குக் கேக்கணும்? ஒவ்வொரு கோடும் என் கை போட்ட கோடு. என் படம், நான் வெட்டுவேன்."

பேக்கரிக்காரி, மாஸ்டர் தூரத்தில்தான் நிற்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க படம் எங்க வீட்டு ஹால்ல நல்லாத்தான் இருக்கு அக்கா, அன்னைக்கு மாறிப்போனது வீட்டுக்குப் போய்ப் பிரிச்சப்பவே எனக்குத் தெரியும், என்னோடதைவிட உங்களது அழகா இருந்துச்சேன்னுதான் நான் வாயைத் திறக்கல."