நாற்காலியில் ஒரு புத்தகம்

நாற்காலியில் ஒரு புத்தகம் குப்புறக் கிடந்தது. ரயிலடிக் கிளை நூலகருக்குப் பொறுக்கவில்லை.

அரங்கு முழுக்க நூலகர்கள். நடப்பது நூலகர் மாநாடு. முதல் வரிசையில், 'இயக்குநர்' என்று தாள் ஒட்டிய நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் இப்படி ஒரு புத்தகம். யாராவது பார்க்காமல் உட்கார்ந்தால் முதுகு போய்விடும். புத்தகத்தின் முதுகு.

அவர் முதல் வரிசைக்கு வந்ததே அக்காவின் தொல்லையால்தான். காலையில் போனிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"டேய், போன உடனே முன்னாடி போய் உக்காரு. எப்பவும் மாதிரி தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்காத. இயக்குநர் அம்மா கண்ணுல படு."

"சரிக்கா."

"சரிக்கான்னு சொல்லிட்டு தூணைத் தேடுவ. எனக்குத் தெரியாதா உன்னை?"

அக்கா பயந்ததில் நியாயம் இருந்தது. ரயிலடிக் கிளை, பாலத்தடிக் கிளை, இரண்டில் ஒன்றை மூடப் போகிறார்கள். எதை என்று நூலகத் துறை இயக்குநர் இன்று மாலைக்குள் சொல்லிவிடுவார். அதற்குள் அவரிடம் இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். என்ன பேசுவது என்று பஸ்ஸில் வரும்போதே உருப்போட்டு வைத்திருந்தார். இடமும் காலியாகத்தான் இருந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. புத்தகத்தை எடுத்துவிட்டது.

'மீன் வளர்ப்பும் மன அமைதியும்.' முதுகில் எண் இல்லை. உள்ளே முத்திரை இல்லை.

"லேபிள் விழுந்ததுகூடத் தெரியல. இவங்க மாநாடு நடத்துறாங்க" என்று முணுமுணுத்தபடி பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் நூலகம். வேளாண்மை அலமாரியில், கோழி வளர்ப்புக்கும் தேனீ வளர்ப்புக்கும் நடுவில் மீனைச் சொருகினார். மனம் நிறைந்தது.

திரும்பி வந்தால் அந்த நாற்காலியில் பாலத்தடிக் கிளை நூலகர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க ரயிலடி! பின்னாடி நிறைய இடம் இருக்கு. தூண்கூட இருக்கு."

ரயிலடிக்காரர் பின்னால் போனார்.

இயக்குநர் வந்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார், அதிலிருந்தவரைப் பார்த்தார். அமைப்பாளரைக் கூப்பிட்டு, "இங்க ஒரு புத்தகம் இருந்திருக்கணுமே?" என்றார். காலையிலேயே அதைப் பார்த்திருந்த அமைப்பாளர் மேடைக்கு ஓடினார். மைக்கைப் பிடித்தார்.

"இயக்குநர் அம்மாவோட புத்தகம், மீன் வளர்ப்பும் மன அமைதியும், காணாமப் போயிருக்கு. எடுத்தவங்க தயவுசெஞ்சு கொடுத்துருங்க."

எடுத்தவங்க! ரயிலடிக்காரர் தூணோடு ஒட்டிக்கொண்டார். இயக்குநரின் புத்தகத்தைத் திருடியவனின் கிளையை யார் விட்டு வைப்பார்கள்? சட்டென்று இன்னொன்றும் தோன்றியது. தானே கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால்? இரண்டு வார்த்தை என்ன, இருபது வார்த்தை பேசலாம்.

அலமாரிக்கு ஓடினார். கோழி இருந்தது. தேனீ இருந்தது. மீன் இல்லை.

பக்கத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு பெண் நூலகர் நின்றிருந்தார்.

"மீனா? எவனோ வெவரம் கெட்டவன் வேளாண்மையில சொருகியிருந்தான். மன அமைதின்னு போட்டிருக்கு, படிக்கத் தெரியாது போல. நான்தான் உளவியல்ல வச்சேன்."

"நல்லதுங்க" என்றார் வெவரம் கெட்டவர்.

உளவியலிலும் இல்லை. அங்கிருந்த வழுக்கைத்தலை நூலகர் கொதித்துக்கொண்டிருந்தார். "மீனுக்கு என்னய்யா மனோதத்துவம்? வீட்டுத் தொட்டியில வளர்க்கறது. பொழுதுபோக்குல வச்சேன்."

"பொழுதுபோக்கா?" கண்ணாடிக்கார அம்மா பின்னாலேயே வந்துவிட்டார். "நீங்க எங்க சார் படிச்சீங்க?"

"நீங்க படிச்ச இடத்துல இல்லம்மா."

சத்தம் கேட்டு நாலு பேர் வந்தார்கள். பிறகு பத்துப் பேர். மீன் உணவா, உயிரினமா, தொழிலா என்று அலமாரிக்கு அலமாரி கட்சி கட்டினார்கள். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே நின்றுதான் அதிகம் கத்தினார்கள். அரங்கில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் ஏறக்குறைய பாலத்தடிக்காரர் ஒருவர்தான். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார்.

கடைசியில் அது புத்தகம் வழங்கும் மேசையில் கிடைத்தது. அங்கிருந்த பெண் அதன் முதுகில் லேபிளை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"பொழுதுபோக்குல எண்ணே இல்லாம கிடந்துச்சு. முத்திரை குத்திப் பதிஞ்சாச்சு. இப்ப இது எங்க புக்."

"அம்மா, அது இயக்குநரோடது. அவசரம். கொடும்மா."

"உறுப்பினர் அட்டை இருக்கா?"

"நானே நூலகர்மா!"

"அப்ப விதி உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே சார்."

தெரியும். இதே பதிலை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். கழுத்தில் தொங்கிய மாநாட்டு அட்டையைக் கழற்றி ஈடாக வைத்தார். அவர் பெயரும் கிளையும் அதில்தான் இருந்தன. அவள் தேதி முத்திரையைப் பொறுமையாகத் திருகி, குத்தி, ஊதிக் கொடுத்தாள்.

அரங்குக்கு ஓடினார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு ஓடினார்.

இயக்குநரின் கார் கிளம்பத் தயாராக நின்றது. பின் இருக்கையில் இயக்குநர். பக்கத்தில், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு, பாலத்தடிக்காரர். கண்ணாடி ஏற்றியிருந்தது. டிரைவர் மட்டும் வெளியே, பூங்கொத்துகளை டிக்கியில் திணித்துக்கொண்டிருந்தார்.

"சார்... அம்மாவோட புத்தகம்" என்று மூச்சிரைக்க நீட்டினார் ரயிலடிக்காரர்.

டிரைவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம மீன் புத்தகம்! அம்மாவோடது இல்ல சார், என்னோடது. வண்டியில சும்மா உக்காந்திருக்கும்போது படிப்பேன். இதென்ன, லேபிள்லாம் ஒட்டிட்டீங்க?"

"உங்களோடதா? அப்ப அது எப்படி அந்த நாற்காலிக்கு..."

டிரைவர் டிக்கியைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ரயிலடிக் கிளையில யாரோ நல்ல நூலகராம், கூட்டம்னா தூணுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவாராம், அவர்கிட்ட பேசிட்டுத்தான் முடிவு பண்ணணும், பக்கத்துல ஒரு இடம் பிடிச்சு வைன்னு அம்மா சொன்னாங்க, கர்ச்சீப் அழுக்கா இருந்துச்சேன்னு இதைப் போட்டு வச்சேன், கடைசி வரைக்கும் அந்த மனுஷன் வரவே இல்ல சார்!"