கண்ணுக்குத் தெரியாத சீஸ்

யுத்தம் தொடங்கி நாலாவது வருசத்தில், திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒருவர் கோதுமை மாவில் பாண் சுடுவதற்கு ஐந்து அனுமதிக் கடதாசிகள் வேண்டியிருந்தன. மா எடுக்க ஒன்று, விறகு வெட்ட ஒன்று, போறணை அடுப்பை மூட்ட ஒன்று, போறணைப் புகை எதிரி விமானத்தின் கண்ணில் படாது என்று உறுதி சொல்ல ஒன்று. ஐந்தாவது கடதாசி, மற்ற நாலும் கையில் இருக்கின்றன என்பதற்கான அத்தாட்சி.

பேக்கரிக்காரர் பாக்கியரத்தினம் இந்த ஐந்தையும் ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டுப் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். சித்திரையில் யப்பான்காரன் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனபோது ஊரில் பாதிப்பேர் ஓடினார்கள். அப்படிக் கந்தளாய்ப் பக்கம் ஓடிய வேறு இரண்டு பேக்கரிக்காரர் பிறகு திரும்பவேயில்லை. ஆகவே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இருநூறு பேருக்கும் காலைச் சாப்பாடு பாக்கியரத்தினத்தின் ஒற்றைப் போறணையில்தான் வெந்தது. பர்மா அரிசி நின்றுபோன காலம். கூப்பனுக்குக் கிடைத்த அரிசி ஒரு நேரக் கஞ்சிக்கே காணாது. விடிய அரை இறாத்தல் பாண் வயிற்றில் விழாதவனுக்குப் பத்து மணிக்கு மூட்டையோடு கண் இருட்டும். இது பாக்கியரத்தினத்துக்குத் தெரியும். உணவுப் பங்கீட்டுக் கந்தோருக்கும் தெரியும். அங்கே அதைக் கடதாசிக் கோவையொன்றில் எழுதிக் கட்டி வைத்திருந்தார்கள்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் கந்தோரிலிருந்து ஆள் வந்தது. அதிகாரி வீரசிங்கம் உடனே வரச் சொன்னாராம்.

வீரசிங்கம் பரம்பரைச் சைவர். வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் தொடமாட்டார். ஆனால் அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரை கிறிஸ்தவராகப் பிறந்துவிட்டபடியால், கிறிஸ்து பிறந்த நத்தாரை முன்னிட்டு ஒரு தேநீர் விருந்து கொடுப்பது தம் கடமை என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அவருடைய மனைவி இராசமலர் அண்மையில் கொழும்புக்குப் போனவர். அங்கே ஒரு துரைசானி வீட்டு விருந்தில் உள்ளே சீஸ் வைத்த பாண் பரிமாறினார்களாம். வாயில் வைத்தால் சீஸ் உருகி நூல்போல இழுபடுமாம். நாகரிகமான வீடுகளில் இப்போது நத்தாருக்கு அதுதானாம். திரும்பி வந்த நாள்முதல் அந்த அம்மா வெறும் பாணைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எண்பது வேணும், பாக்கியரத்தினம்," என்றார் வீரசிங்கம். "துரை வாறார். நீர் செய்து தரவேணும்."

பாக்கியரத்தினம் கதிரையின் நுனியில் இருந்தபடி இரண்டு விசயம் சொன்னார். ஒன்று, ஊரில் சீஸ் கிடையாது. மற்றது, கோதுமை மாவில் ஆடம்பரத் தின்பண்டம் செய்யக்கூடாது என்று போன மாதம்தான் கந்தோரே அறிவித்தல் ஒட்டியது. பாக்கியரத்தினத்தின் கடைச் சுவரில்தான் ஒட்டியது.

வீரசிங்கம் அந்தச் சட்டத்தை எழுதியவரே தான்தான் என்பதை நினைத்துப் பெருமைப்பட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு யோசித்தார். அரை மணித்தியால யோசனைக்குப் பிறகு கிளாக்கரை அழைத்து ஒரு தீர்ப்பு எழுதுவித்தார். தீர்ப்பு இப்படி இருந்தது: பாணின் உள்ளே இருக்கும் பொருள் வெளியே தெரியாதவரை, மேற்படி பண்டம் சட்டத்தின் நோக்கங்களுக்குப் பாணேயாகும். உள்ளே இருப்பது வெளியே தெரிந்த கணத்தில் அது ஆடம்பரத் தின்பண்டமாகி, செய்தவர் தண்டனைக்குரியவராவார். உள்ளே சீஸ் இல்லாதிருந்தாலோ, அது சீஸ் பாண் என்று பொதுமக்களை ஏமாற்றிய குற்றமாகும்.

"விளங்கிச்சுதோ?" என்று கேட்டார்.

பாக்கியரத்தினத்துக்கு விளங்கியது ஒன்றுதான்: எந்தப் பக்கத்தால் போனாலும் தண்டனை தனக்குத்தான். மா எங்கிருந்து வரும் என்று கேட்டார். வீரசிங்கம் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, இருக்கிற மாவில்தான் என்றார். அப்படியென்றால் துறைமுகத் தொழிலாளருக்கு ஒரு நாள் பாண் இராதே என்று இவர் மெல்ல இழுத்தார். அதற்கும் கந்தோரில் வழி இருந்தது. அடுத்த நாளே அறிவித்தல் வந்தது: துறைமுகத் தொழிலாளரின் சமிபாட்டு நலன் கருதி, நத்தாருக்கு முதல்நாள் வயிற்றுக்கு ஓய்வு நாளாகப் பிரகடனப்படுத்தப்படுகிறது.

பாக்கியரத்தினம் அன்று வீட்டுக்கு வந்து சேட்டைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் குந்திவிட்டார். மாட்டேன் என்றால் ஐந்து கடதாசியும் போகும். கடதாசி போனால் இருநூறு பேருக்கு ஒரு நாளில்லை, ஒரு நாளும் பாண் இல்லை. அந்த நியாயம் சரியாகத்தான் இருந்தது. கந்தோர் நியாயங்கள் எல்லாமே இப்படித்தான் சரியாக இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டார்.

சீஸுக்கான விண்ணப்பம் கடற்படைப் பண்டசாலைக்குப் போனது. சீஸ் ஓர் இராணுவ இரகசியம் என்பதால், பண்டசாலையில் அது உண்டா இல்லையா என்பதைத் தெரிவிக்க ஏலாது என்று மறுமொழி வந்தது. வீரசிங்கம் அந்தக் கடிதத்தின் ஓரத்தில், "பேக்கரிக்காரர் ஆவன செய்க" என்று எழுதி அனுப்பிவிட்டார்.

ஆவன செய்தவர் பேக்கரிக்காரரின் மனைவி கோணேஸ்வரி. அந்த அம்மா சீஸைக் கண்ணால் கண்டதில்லை. அது பால் கெட்டு இறுகிப்போன சாமான் என்று புருசன் சொன்னதைக் கேட்டுவிட்டு, பால் கெட்டால் தயிர், தயிர் இறுகினால் என்ன என்று கேட்டார். கிண்ணியாவிலிருந்து வள்ளத்தில் தயிர் கொண்டுவரும் அபூதாஹிரிடம் பன்னிரண்டு சட்டி எருமைத் தயிர் எடுத்தார்கள். அவருடைய எருமைத் தயிர் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. அதைப் பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்தபின் அம்மிக்கல்லின் கீழே இரண்டு நாள் வைத்தார்கள். உப்புப் போட்டார்கள். நிறம் காணாது என்று கோணேஸ்வரி ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டார். மூன்றாம் நாள் வீடு முழுக்க ஒரு மணம் எழும்பியது. பக்கத்து வீட்டுக்காரர் எலி செத்துப்போச்சோ என்று விசாரித்தார். அப்போதுதான் பாக்கியரத்தினத்துக்கு இது சீஸாகத்தான் இருக்கவேண்டும் என்ற நம்பிக்கை வந்தது.

ஆனாலும் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கந்தோரில் கொடுத்த படிவத்தில், பொருள் என்ற இடத்தில் "இறுக்கிய எருமைத் தயிர்" என்றும், பிறந்த இடம் என்ற இடத்தில் "கிண்ணியா" என்றும் எழுதிக் கொடுத்தார். கிளாக்கர் இராசையா அதை வாசித்துவிட்டு அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். முதலாவதை வெட்டிவிட்டு "சீஸ்" என்று எழுதினார். கிண்ணியாவில் சீஸ் பிறக்காது என்பதால் அதையும் வெட்டி "கனடா" என்று எழுதினார். முதல் எழுத்தைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டிருக்கிறேன் என்று ஆறுதலும் சொன்னார்.

நத்தாருக்கு முதல்நாள் விடிய, போறணை எரிந்தது. பாக்கியரத்தினம் மாவைத் தட்டி, நடுவில் தயிர்க்கட்டி வைத்து, ஒரு துளிகூட வெளியே தெரியாதபடி விளிம்பை முறுக்கி மூடினார். வெந்து வரும்போது நல்ல மணம். அந்த மணத்தை வாசலில் நின்ற தம்பையாவும் பிடித்தார்.

தம்பையா மூட்டை தூக்கும் ஆட்களுக்குத் தலைவர் மாதிரி. வாசிக்கத் தெரியாது. சுவரில் ஒட்டிய அறிவித்தலைப் பார்த்து, பாண் விலை ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பையோடு வந்திருந்தார். இன்றைக்கு உங்கள் வயிற்றுக்கு ஓய்வு என்று பாக்கியரத்தினம் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆர் ஓய்வு கேட்டது, அண்ணை?" என்றார் தம்பையா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பாக்கியரத்தினம் போறணைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பையா பையை மடித்து மடியில் செருகிக்கொண்டு போனார். அன்று பத்து மணிக்குத் துறைமுகத்தில் மூன்று பேர் மூட்டையோடு விழுந்தார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தது. காரணம் வெயில் என்று பதிந்தார்கள்.

மத்தியானம் பரிசோதகர் கதிரவேல் வந்தார். உள்ளே சீஸ் உண்டு என்று அத்தாட்சி கொடுப்பது அவர் வேலை. பாணை வெட்டிப் பார்க்கலாம்; வெட்டினால் சீஸ் தெரியும்; தெரிந்தால் பாக்கியரத்தினத்தைக் கைது செய்யவேண்டும். வெட்டாவிட்டால் சீஸ் உண்டென்று எப்படிச் சொல்வது? கதிரவேல் பாணை நிறுத்துப் பார்த்தார். காதோடு வைத்துக் கேட்டுப் பார்த்தார். கடைசியில், இருபது வருச உத்தியோக அனுபவம் கைகொடுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பாணைத் தின்றார். சீஸ் நாக்கில் பட்டது, கண்ணில் படவில்லை. ஆகவே உள்ளே சீஸும் இருந்தது, பாண் பாணாகவும் இருந்தது. ஐயம் திரிபற நிறுவும்பொருட்டு இன்னும் ஐந்தைத் தின்றுவிட்டுக் கையொப்பம் போட்டார்.

விருந்து அடுத்த நாள் பின்னேரம், வீரசிங்கம் வீட்டு மாமரத்தடியில். போறணையில் சுட்டதை வாட்டிக் கொடுப்பதற்குப் பாக்கியரத்தினத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். ஊரிலுள்ள முக்காற்சட்டை, முழுக்காற்சட்டைகள் எல்லாம் வந்திருந்தன. எடுத்து வாயில் வைக்கும் நேரத்தில்தான் கதிரவேல், கடித்தால் உள்ளே தெரியுமே என்று வீரசிங்கத்தின் காதில் போட்டார். அதிகாரிக்கு வியர்த்தது. சட்டத்தைத் தன் வீட்டு முற்றத்திலேயே, அதுவும் துரைக்கு முன்னால், இத்தனை வாய்கள் மீறுவதா? வியர்வை துடைக்கும் கைலேஞ்சியை எடுத்துப் பாணின் முன்னால் பிடித்து மறைத்துக்கொண்டு ஒரு கடி கடித்தார்.

இராசமலர் அதைப் பார்த்தார். இது கொழும்பில் தான் கவனிக்காமல் விட்ட முறையாக்கும் என்று நினைத்து, தானும் கைலேஞ்சி எடுத்தார். அவரைப் பார்த்து வழக்குப் பேசும் பிறக்கிராசியார் எடுத்தார், டாக்குத்தர் எடுத்தார், அவர்களுடைய மனைவிமார் எடுத்தார்கள். சீமையில் இப்படித்தான், நான் கண்டனான் என்று ஒருவர் சொன்னார். அவர் போன ஆகத் தூரமான இடம் மட்டக்களப்பு. துரையோ, இது இந்நாட்டு மக்களின் புனித வழக்கமாக்கும் என்று மரியாதையோடு தன் கைலேஞ்சியையும் எடுத்து மறைத்துக்கொண்டு தின்றார்.

பாக்கியரத்தினம் நெருப்புச் சட்டியடியில் நின்று எல்லாரையும் பார்த்தார். ஊரின் அறிவாளிகள் அத்தனை பேரும் மூக்கை மூடிக்கொண்டு தயிர் தின்றுகொண்டிருந்தார்கள்.

துரைக்குப் பாண் நன்றாகப் பிடித்துவிட்டது. தான் இப்படியொரு சீஸ் எங்கேயும் தின்றதில்லை என்று சத்தியமான வார்த்தை சொன்னார். வீரசிங்கம் பூரித்துப்போய்ப் பாக்கியரத்தினத்தைக் கூப்பிட்டு, துரைக்கு எங்கே பெற்றதென்று சொல்லும் என்றார். இவருக்கு மூட்டையோடு விழுந்த மூவரின் நினைவு வந்தது. மறைக்க இனி என்ன இருக்கிறது என்று பாக்கியரத்தினம் நிமிர்ந்து நின்றார்.

"இது சீஸில்லை ஐயா. கிண்ணியா எருமைத் தயிர். நான் எழுதித் தந்தனான்."

வீரசிங்கம் கந்தோரிலிருந்து கோவையை எடுப்பித்துப் பார்த்தார். பொருள் சீஸ், பிறந்த இடம் கனடா. கையொப்பம், முத்திரை எல்லாம் இருந்தன. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். பாவம், போறணைச் சூடு தலைக்கு ஏறிவிட்டது என்று டாக்குத்தர் சொன்னார். இராசமலர், தயிருக்கும் சீஸுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளிடம் இந்த வேலையைக் கொடுத்ததே பிழை என்று சொல்லிக்கொண்டு இன்னொன்றை எடுத்தார்.

அதற்குப் பிறகு ஊரில் காய்ச்சல் பரவுவதுபோல் இது பரவியது. கலியாண வீட்டில், பூப்புனித நீராட்டில், பேர் வைக்கும் விழாவில், எங்கும் மூடிய பாண். கைலேஞ்சிக்குக் கடைகளில் தட்டுப்பாடு. வடையைக்கூடச் சிலர் மறைத்துத் தின்னத் தொடங்கினார்கள்.

தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்கையில், நாற்பது ஐம்பது பேரோடு தம்பையா கடை வாசலுக்கு வந்தார். கால் முறிந்தவனையும் கையணைவாகக் கூட்டி வந்திருந்தார்கள். பாக்கியரத்தினம் கோணேஸ்வரியை உள்ளே போகச் சொன்னார். இன்றைக்கு அடி விழும் என்று நினைத்தார். விழட்டும், நியாயம்தான் என்றும் நினைத்தார். கும்பலுக்கு முன்னால் வந்து நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். அன்றைக்கு உங்கள் மாவில்தான் செய்தேன், பயத்தில் செய்தேன், மன்னிக்கவேண்டும் என்றார். இனிக் கடதாசி போனாலும் சரி, கந்தோர் கேட்டாலும் செய்யமாட்டேன் என்றார்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அண்ணை, நாங்கள் சண்டைக்கு வரேல்லை," என்றார் தம்பையா. "பொங்கலுக்கு எங்களுக்கும் உந்தப் பாண் வேணும். அதுக்கு முன்னுக்குப் பின்னுக்கு ரெண்டு நாள் பட்டினி கிடக்கவும் ஆயத்தம்."

அது வெறும் தயிரடா தம்பி, அபூதாஹிர் நானா வாசலிலே கொண்டுவந்து தருவார், என் பாணில் தடவித் தின்றால் அதே ருசிதான், பட்டினியும் கிடக்கத் தேவையில்லை என்று பாக்கியரத்தினம் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

தம்பையாவின் முகம் முதல் தடவையாகச் சிவந்தது.

"தயிரை வெளியிலை வைச்சுத் தின்ன நாங்கள் என்ன நாகரிகம் தெரியாத ஆக்களோ? உள்ளுக்கை வைச்சுத் தாங்கோ."

பின்னால் நின்றவர்கள் எல்லாரும், கால் முறிந்தவனும்கூட, ஓம் ஓம் என்றார்கள்.

பொங்கலுக்கு முதல்நாளும் மறுநாளும் துறைமுகத்தடியில் யாருக்கும் பாண் இல்லை. முறைப்பாடு ஒன்றும் வரவில்லை.