சாவிக்கொத்தைத் துறந்த சக்கரவர்த்தி

வாழ்க, வாழ்க! பல் ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் வழங்கும் திருக்கரத்தோன், துருவேறிய நாற்சக்கரத் தேரின் தனிப்பெருந்தலைவன், மாமனார் மதியாத மாப்பிள்ளை என்னும் மாவீரன் வாழ்க! ஒர்க்ஷாப்புகளில் உறையும் தேவியே, கிரீஸ் படிந்த உன் விரலால் என் நாவைத் தொடு. அவன் தன் காரின் இக்னிஷனைக் காத்த பெருங்கதையைப் பாடுகிறேன்.

முன்னொரு காலை, நடுச்சாலையில், பின்னின்ற வண்டிகளெல்லாம் போர்முரசென ஹாரன் முழங்க, தேரின் பழைய இக்னிஷன் உயிர்நீத்தது. கம்பெனிச் சாமான் எங்கும் கிட்டாமையால், மனைவியின் தம்பியும் மெக்கானிக் குலத் திலகமுமான மைத்துனன் வெளிச்சாமான் ஒன்றை மாட்டிவிட்டுப் பிரகடனம் செய்தான்:

“இது வெளிச்சாமான் மாமா. பாத்து வெச்சுக்கிட்டாதான் உழைக்கும். இன்ஜினை அணைச்சிட்டு சாவியை ஆன்ல விடாதீங்க, இக்னிஷன் காயில் சூடாயிடும். இவ்ளோ பெரிய கொத்தைத் தொங்கவிட்டா லாக்கும் தேஞ்சிடும்.”

மனையரசியின் ஆணையோ இடியென இறங்கியது: “இன்னொரு தடவ நடுரோட்டுல நின்னுச்சு, நேரா பழைய இரும்புக் கடைதான். சொல்லிட்டேன்!”

கலங்கினான் வீரன். அந்த ஓட்டைக் காரென்றால் அவனுக்கு உயிர். அன்றுமுதல், நிறுத்திய காரில் சாய்ந்து பாட்டுக் கேட்கும் பேரின்பத்தைத் துறந்தான். பிளக் வயர்களைப் பழைய பனியனால் பட்டுப்போல் துடைத்தான். பக்கத்து வீட்டார் தலையிலடித்துக்கொள்ள, பானெட்டைத் திறந்து காயிலோடு கனிமொழி பேசினான். சாவிக்கொத்தை மட்டும் அவனால் தொட முடியவில்லை. அதில் தொங்கிய பித்தளை யானையைப் பிரிய மனம் வரவில்லை.

வந்தது சோதனை நாள். “அந்த டப்பா இன்னுமா ஓடுது?” என்று போனில் நகைத்த மாமனாரை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர வேண்டும், வானமோ இருண்டு நின்றது. அவன் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டான். வீட்டுச் சாவி, பீரோ சாவி, மாடிச் சாவி, பித்தளை யானை எனப் படைபரிவாரம் சூழத் தொங்கிய கொத்திலிருந்து கார்ச்சாவியை மட்டும் உருவி, ஏனையவற்றை ஹால் ஆணிக்கு நாடுகடத்தினான். மனைவி காரில் ஏறியதும், இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் வாசற்கதவைப் படார் எனச் சாத்திப் புறப்பட்டான்.

ஆகா, அந்தப் பவனி! மேகம் பிளந்து கொட்ட, பெருங்கார்கள் நீரில் மூழ்கிய எருமைகளாய் ஓரங்கட்ட, சிக்னல்தோறும் நின்று சிலிர்த்துப் பாய்ந்து, ஒரு செருமலும் இன்றி ஓடியது வெளிச்சாமான். போகும்போதும் ஓடியது, மாமனாரும் அவருடைய மூட்டைகளும் ஏறிய பின்பும் ஓடியது.

“பரவால்லையே மாப்ளே, நிக்கவே இல்லையே!” என்றார் மாமனார்.

அச்சொல் கேட்டு வீரனின் கண் கலங்கியது. வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்து, இறகெனக் கனமற்ற அந்த ஒற்றைச் சாவியை மழையில் வெற்றிவாளென உயர்த்தினான். கதவருகே, நனைந்த தன் தந்தையோடு நின்ற மனையரசி கையை நீட்டினாள்.

“சாவியக் குடுங்க.”

வீட்டுச் சாவி உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.