தூக்குக்குண்டு தேர்ந்தெடுத்த பந்து

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பெல்விட்ஸ் பௌலிங் கூடத்தின் வாசலில் வரிசை கட்டிவிடும். வரிசை கூடத்துக்குள் போவதற்கு அல்ல, வாசலோரம் நின்ற ஊதா நிற வேனுக்கு. அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் தெற்குப் பக்கத்து ஜனவரிக் குளிரில் மனிதர்கள் வெளியே நிற்பது சாதாரண விஷயமில்லை. பல்வலிக்கு நிற்க மாட்டார்கள், ஓட்டுப் போட நிற்க மாட்டார்கள். ஆர்லோ விங்கேட்டுக்கு நின்றார்கள்.

விங்கேட் பந்து பார்த்துச் சொல்பவர். பந்து வீசும் கையை அவர் முன்னால் விரித்து நீட்ட வேண்டும். சங்கிலியில் தொங்கும் ஒரு செம்புக் குண்டை உள்ளங்கைக்கு மேல் பிடிப்பார். அது ஆடும். பிறகு வேனுக்கு முன்னால் மேசையில் பந்துகள் வைத்த ஏழு பெட்டிகள் மேல் வரிசையாகப் பிடித்துக்கொண்டு போவார். எந்தப் பெட்டியின் மேல் குண்டு சுற்றுகிறதோ அதுதான் உங்களுக்காகப் பிறந்த பந்து. விலை இருநூற்றெண்பது டாலர். பிறக்கும்போதே விலையோடு பிறந்திருக்கிறது.

வாங்கியதும் கையில் தர மாட்டார். பந்து தூங்குகிறதாம், எழுப்ப வேண்டுமாம். வேனுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இருபது நிமிடம் கழித்து வெல்வெட் பையில் வெளியே வரும். பந்துக்கு மெருகு போடக் கூடாது, கூடத்திலிருக்கும் கடைக்காரர் கண்ணில் காட்டக் கூடாது. பந்து களைத்துப்போனால் திரும்ப எடுத்து வர வேண்டும், எழுப்புவதற்கு நாற்பது டாலர். எல்லாருடைய பந்தும் ஏறக்குறைய ஆறே வாரத்தில் களைத்தது. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் பந்து கோபித்துக்கொள்ளும் என்றும் சொல்லி வைத்திருந்தார்.

இத்தனைக்கும் காரணம் எண்ணெய். பௌலிங் தடத்தில் எண்ணெய் பூசுவது வழக்கம்தான். ஆனால் மாநிலப் போட்டிக்குப் பழக வேண்டும் என்று கூடத்து முதலாளி அந்த வருடம் தாராளமாகப் பூச ஆரம்பித்தார். பந்து ஓரத்திலிருந்து வளைந்து வந்து முன்கட்டைக்குப் பக்கத்தில் இடித்தால்தான் பத்துக் கட்டையும் விழும். கனத்த எண்ணெயில் பந்துகள் வளைய மறுத்தன. ஈரத் தரையில் ரப்பர் செருப்பு போல நேரே வழுக்கிக்கொண்டு போயின. இருபது வருடம் பந்து வீசிய கைகளுக்கு ஒரே வாரத்தில் ஒன்றும் தெரியாமல் போயிற்று. மனிதன் புத்தியை அடகு வைப்பதற்கு இதைவிடத் தோதான சமயம் கிடையாது.

வெர்னா கபின்ஸ்கியும் வரிசையில் நின்றாள் என்பதை மறைப்பதற்கில்லை. வயது ஐம்பத்தெட்டு. நாற்காலித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடமாக மரம் தேய்க்கிறாள். நார்பர்ட் என்பவரின் அணியில் பத்தொன்பது வருடமாக ஆடுகிறாள். அவளுடைய சிவப்புப் பந்தை வாராவாரம் அவளே மெருகேற்றுவாள், முகம் பார்க்கலாம். அந்தப் பந்தும் நேரே வழுக்கிக்கொண்டுதான் போனது.

அவளுக்கு முன்னால் நின்றவள் இர்மா, அதே அணிக்காரி. புதுப் பந்து கைக்கு வந்த சந்தோஷத்தில் பையை அவிழ்த்துக் காட்டினாள். வெர்னா கட்டைவிரலால் ஒரு தடவு தடவினாள். அவ்வளவுதான். முப்பத்தொரு வருடக் கட்டைவிரல் அது.

"ஐயா, இத எந்த நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சீங்க? ஐந்நூறா?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. தொழில்காரி இன்னொரு தொழில்காரரைக் கேட்கிற மரியாதையோடுதான் கேட்டாள்.

விங்கேட் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "கையை நீட்டும்மா" என்றார். நீட்டினாள். எல்லார் கைக்கும் ஆடிய குண்டு அவள் கைக்கு மேல் ஆணியடித்தாற்போல நின்றது. அடுத்து ஏழு பெட்டிகள் மேலும் பிடித்தார். அசையவில்லை.

"செத்த கை" என்றார், வருத்தமான குரலில். "இந்தக் கைய எந்தப் பந்தும் ஏத்துக்காது. பக்கத்துல இருக்கிற பந்தும் குளிர்ந்து போகும். நான் சொல்லக் கூடாது, சொல்லாமலும் இருக்க முடியல."

வரிசை இரண்டடி பின்வாங்கியது.

அந்தச் சொல் அன்றைக்கே வேலை செய்ய ஆரம்பித்தது. பௌலிங்கில் வீசிய பந்துகள் எல்லாம் திரும்பி வந்து ஒரே தாங்கியில்தான் உருண்டு நிற்கும். வெர்னாவின் சிவப்புப் பந்து வந்து நின்றதும் இர்மா தன் பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு கிலோ பந்து. ஆட்டம் முடியும்வரை, வீசுகிற நேரம் போக, குழந்தையைப் போல மடியிலேயே வைத்திருந்தாள். பக்கத்துத் தடத்துக்காரர் ஒருவர் வெர்னா தொட்ட சீஸ் வறுவல் தட்டைக்கூட நகர்த்தி வைத்தார். தட்டு எந்தக் கட்டையை அடிக்கப் போகிறதோ தெரியவில்லை.

அடுத்த வாரம் அணித்தலைவர் நார்பர்ட் ஸ்டூபே அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குழாய் வேலை செய்கிறவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற அநியாயத்துக்குக் குரல் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்.

"வெர்னா, மனசுல வச்சுக்காத. கிரீன் பே மாநிலப் போட்டிக்கு மூணு வாரம்தான் இருக்கு. உன் பேருக்குப் பதிலா என் தங்கச்சி மகன் பேர எழுதிட்டேன்."

"அவன் பந்து வீசுவானா அண்ணே?"

"கத்துக்குவான். குண்டு நல்லா ஆடிச்சு அவனுக்கு."

"பத்தொன்பது வருஷம் நானும் ஆடியிருக்கேன். அது கணக்கு இல்லையா?"

"எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாதும்மா. ஆனா இர்மா அழுவுறா. எதுக்கு வம்பு?"

நம்பிக்கை கிடையாது, ஆனால் எதுக்கு வம்பு. உலகத்தில் பாதி மூடத்தனம் இந்த இரண்டாவது சொல்லை முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது.

வெர்னா சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள். அவள் பெயர் மேல் ஒரு கோடு. தொழிற்சாலையின் இரைச்சலில் யாரும் யார் பெயரையும் கூப்பிடுவதில்லை. வியாழக்கிழமை இந்த மரத்தரையில்தான் "வெர்னா" என்று நாலு பேர் சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் மிச்ச ஆறு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அழுதால் செத்த கைக்குச் சாட்சி என்பார்கள் என்று நேரே கூடத்தின் மூலையிலிருந்த கடைக்குப் போனாள்.

கடைக்காரர் மெர்ல் ஹாக், விரல் நுழையப் பந்துக்குத் துளை போடுகிறவர். சிடுமூஞ்சி.

"மெர்ல் அண்ணே, சொரசொரப்பா இருந்தா பந்து எண்ணெயில வளையுமா?"

"கேட்டுட்டியா? எண்ணெய் கூடுன நாள்லேருந்து இந்தக் கேள்விக்காகத்தான் கடைய தொறந்து வச்சிருக்கேன்" என்றார் மெர்ல். "எண்ணெய் அதிகம்னா மெருகு ஆகாது. வழுக்கும். பந்தோட மேல்தோல உரசிவிட்டா தரையப் புடிக்கும். ஆடிட்டே இருந்தா திரும்ப வழவழன்னு ஆயிடும், மறுபடி உரசணும். அவ்வளவுதான் சங்கதி. நான் அஞ்சு டாலர் கேட்டேன். ஒருத்தனும் வரல. அதான் நான் பண்ணுன தப்பு. முந்நூறு கேட்டிருந்தா எனக்கு ஒரு வேன் கிடைச்சிருக்கும்."

"இத எல்லார்கிட்டயும் சொன்னா?"

"செத்த கைக்காரி சொன்னா எவன் கேப்பான்?"

அது நியாயமான கேள்வி. வெர்னா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். மறுநாள் தொழிற்சாலையில், நாற்காலி முதுகில் வழக்கம்போலப் பென்சிலால் கிறுக்கும்போது விடை கையிலேயே இருந்தது. மரத்தை முழுக்கத் தேய்த்தோமா என்று தெரிய, முதலில் தடித்த பென்சிலால் கிறுக்கிவிடுவார்கள். கிறுக்கல் போன இடம் உப்புத்தாள் போன இடம். கிறுக்கல் இருக்கும் இடம் போகாத இடம். இதில் ஆவிக்கு வேலையில்லை.

அடுத்த வியாழக்கிழமை, நம்பிக்கை கிடையாதென்றாலும் நார்பர்ட்டும் விங்கேட்டிடம் வாங்கியிருந்த கறுப்புப் பந்துக்கு ஆறு வாரம் முடிந்து களைப்பு வந்திருந்தது. வேனுக்குப் போகும் முன் வெர்னா அவரை மடக்கினாள்.

"அண்ணே, ஒரே ஒரு உதவி. நான் தொட மாட்டேன். நீங்களே இந்தப் பென்சிலால பந்து பூராவும் கிறுக்குங்க. கட்டைவிரல் துளைக்குள்ளயும் ஒரு கோடு."

"எதுக்கு?"

"பத்தொன்பது வருஷத்துக்கு."

நார்பர்ட்டால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை. கிறுக்கினார். கறுப்புப் பந்தில் கோடு சட்டென்று தெரியாது, சாய்த்துப் பார்த்தால் மினுக்கும். துண்டால் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

வரிசையில் முப்பது பேர். வெர்னா தள்ளி நின்றே குரல் கொடுத்தாள். "ஐயா, ஒரு சந்தேகம். எழுப்புறப்ப பந்த எதாலயாவது தொடுவீங்களா?"

விங்கேட் புன்னகை செய்தார். கூட்டத்துக்கு முன்னால் கோபப்படுவது தொழிலுக்கு ஆகாது. "விரல்கூடப் படாதும்மா. மூச்சும் செம்பும்தான். உனக்கு அது புரியாது."

"சரிங்க."

இருபது நிமிடம் கழித்து வெல்வெட் பை வந்தது. நார்பர்ட் எல்லார் முன்னாலும் பந்தை எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"கோடு இல்ல" என்றார்.

"என்ன கோடு?" என்றார் விங்கேட்.

"பென்சில் கோடு. பந்து பூரா போட்டிருந்தேன்."

விங்கேட் ஒரு நொடிதான் யோசித்தார். அந்தத் திறமைக்காகவாவது இருநூற்றெண்பது டாலர் கொடுக்கலாம். "சக்தி இறங்கும்போது மேல இருக்கிற கசடெல்லாம் எரிஞ்சுடும். பாத்தீங்களா அதன் வேகத்த?"

கூட்டம் பார்த்தது. இர்மா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"துளைக்குள்ள பாருங்கண்ணே" என்றாள் வெர்னா.

நார்பர்ட் கைபேசி வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்தார். குழாய்க்குள் எட்டிப் பார்த்தே காலம் கழித்தவர், சரியாகப் பார்த்தார். "இருக்கு. போட்டது போட்டபடியே இருக்கு."

"ஏன் ஐயா, சக்தி துளைக்குள்ள இறங்காதா? இல்ல, உப்புத்தாள் பிடிச்ச விரல் உள்ள போகாதா?"

யாரோ ஒருவர் பின்னாலிருந்து சிரித்தார். மோசடிக்காரனுக்குப் போலீஸ்கூடப் பெரிதில்லை, முதல் சிரிப்புதான் பெரிது. நார்பர்ட் மெதுவாக வெல்வெட் பைக்குள் கைவிட்டு எடுத்தார். விரலில் சாம்பல் நிறத் தூள். அதைப் பார்த்தார், விங்கேட்டின் சட்டைக் கையைப் பார்த்தார். அங்கேயும் அதே தூள்.

"இங்கயே, இந்த மேசைல ஒரு பந்த எழுப்பிக் காட்டுங்களேன்" என்றார் நார்பர்ட்.

"இந்த வெளிச்சம் ஒத்துக்காது."

"விளக்க அணைக்கச் சொல்றேன்."

"ஆளுங்க சந்தேகத்தோட இருக்காங்க. அது பந்துக்கு ஆகாது."

"அப்ப என் பந்துக்கு ஆகுதான்னு எல்லாரும் உள்ள வந்து பாருங்க" என்றாள் வெர்னா. பயிற்சி நேரம் இன்னும் முடியவில்லை. மெர்ல் கடையில் ஒரு துண்டு உப்புத்தாள் வாங்கி, தண்ணீரில் நனைத்து, முகம் பார்க்கும் சிவப்புப் பந்தை எல்லார் கண் முன்னாலும் தேய்த்தாள். மந்திரம் இல்லை, செம்பு இல்லை. இரண்டு நிமிடத்தில் பந்து வெளுத்த செங்கல் மாதிரி ஆயிற்று. துடைத்துக்கொண்டு போய் வீசினாள். பந்து ஓரமாகப் போனது, எண்ணெயைத் தாண்டியது, திரும்பியது. பத்துக் கட்டையும் விழுந்தன. அடுத்ததும் அப்படியே. செத்த கை இரண்டு தடவை பிழைத்துக்கொண்டது.

இவர்கள் வாசலுக்குத் திரும்புவதற்குள் வேன் போய்விட்டிருந்தது. அவசரத்தில் செம்புக் குண்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார் விங்கேட். நார்பர்ட் அதைத் திருப்பிப் பார்த்தார். கொத்தனார்கள் சுவருக்குப் பிடிக்கிற சாதாரண தூக்குக்குண்டு. அடியில் இரும்புக் கடை விலைச்சீட்டு ஒட்டியிருந்தது, பன்னிரண்டு டாலர்.

"ஆனா என் பந்து நெஜமாவே வளைஞ்சுதே" என்றாள் இர்மா.

"வளையாம? தேய்ச்சிருக்கான்ல" என்றாள் வெர்னா.

"அப்ப பலிச்சுதானே இருக்கு?"

வெர்னா உள்ளே வந்து சுவரிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். நார்பர்ட் பின்னாலேயே வந்து தங்கை மகன் பெயரை அடித்துவிட்டு, 'வெர்னா கபின்ஸ்கி' என்று பெரிய எழுத்தில் எழுதினார். காது மடல் சிவந்திருந்தது. குளிர் என்று சொல்லிக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் மனித குலத்துக்குக் கௌரவமாக இருந்திருக்கும்.

அடுத்த வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வெர்னா வந்தபோது மறுபடியும் வரிசை நின்றது. மெர்ல் கடை வாசலில் அல்ல, அங்கே அவர் ஐந்து டாலர் பலகையோடு தனியாக உட்கார்ந்திருந்தார். வரிசை அவளுடைய தடத்துக்கு முன்னால் நின்றது. ஒவ்வொருவர் கையிலும் பந்து, இர்மாவின் கையில் பந்தோடு ஒரு கேக்கும். எல்லாருக்கும் முன்னால் நார்பர்ட்.

"மெர்ல்கிட்ட உப்புத்தாள் இருக்கே அண்ணே. உங்களுக்கும் ரெண்டு கை இருக்கு."

"இருக்கும்மா. ஆனா நீ தேய்ச்சா வேற மாதிரி வளையுது. இர்மாவும் சொல்றா. உன் கையில என்னமோ இருக்கு, வெர்னா."

போன மாதம் பந்தைக் குளிரவைத்த கை அது. வெர்னா அந்தக் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து நார்பர்ட்டின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"என் கையில இருந்தது இதுதான். பந்த அப்புறம் தேய்ச்சுக்கலாம். முதல்ல மூளைய தேய்ங்க. ரொம்ப நாளா மெருகு போட்டே வச்சிருக்கீங்க. சொல்றதெல்லாம் வழுக்கிட்டுப் போகுது."