பத்தரை மணிக்குத் திருமுல்கேரி

தெருமுனை வரை போன மொபெட் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. வேதா அதைத் தள்ளிக்கொண்டு மல்காஜ்கிரி குடியிருப்பின் வாசலுக்கே திரும்பியபோது மணி ஒன்பது இருபது.

பத்தரைக்குத் திருமுல்கேரியில் இன்டர்வியூ. பள்ளிக்கூட டீச்சர் வேலை. கணவன் பத்ரிநாராயணன் ஆபீஸ் விஷயமாகப் பெங்களூர் போயிருக்கிறான். வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். முன்னால் சொன்னால், "உனக்கெதுக்கு சிரமம்?" என்பான், அன்பாகத்தான். அந்த அன்பைத் தாண்டுவதுதான் கஷ்டம். இப்போது வண்டியும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டுவிட்டது போலிருந்தது.

அன்று இரண்டாம் சனிக்கிழமை. ஆண்கள் எல்லோரும் வீட்டில்.

"ப்ளக் மேடம், ப்ளக்!" என்று வந்தார் கீழ் வீட்டு தேவராஜ். நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்வாசி. "பரேஷான் நக்கோ, கவலைப்படாதீங்க. ரெண்டே நிமிஷம்."

ப்ளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். தெருமுனை வரையாவது ஓடிய வண்டி இப்போது ஸ்டாண்டில் நின்றபடி மட்டும் உறுமியது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் குப்பென்று வெள்ளைப் புகை, பிறகு மௌனம்.

புகையைக் கண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார் ஜம்புநாதன். பத்ரியும் இன்ஜினியர்தான்; அதே தொழிற்சாலையில் இவர் சீனியர் இன்ஜினியர்.

"தள்ளிக்கோங்கோ தேவராஜ். இது கார்புரேட்டர். ஏம்மா வேதா, பத்ரி இதைத் துடைக்கவே மாட்டானா? நம்பர்கூடத் தெரியலை, அத்தனை சேறு!"

வேதாவுக்கு முகம் சுட்டது.

"என்னோடதும் இதே நீலம்தான், இதே மாதிரி சாவி வேண்டாத மாடல்தான். ஆபீஸ் சொசைட்டி மூலமா ஒரே லாரியில வந்து இறங்கினது. ஒரு நாள் மக்கர் பண்ணியிருக்குமா?"

"ஓட்டினாத்தானே சார் பண்ணும்? நீங்கதான் கம்பெனி பஸ்ல போறீங்களே" என்றார் தேவராஜ்.

ஜம்புநாதன் அது காதில் விழாத மாதிரி ஸ்பானரை நீட்டினார். "எங்கே கிளம்பினே?"

"கோயிலுக்கு, மாமா."

"ஃபைலோடயா?"

பொய் சொல்லவும் நேரமில்லை. "இன்டர்வியூ. பத்தரைக்கு."

"அடடா, முன்னாடியே சொல்லப்படாதோ!"

சொல்லாமலே இருந்திருக்கலாம். அவசரம் புரிந்துவிட்டதால் அவர் வேகமாகக் கழற்றத் தொடங்கினார். கிண்ணி, மிதவை, ஜெட் எல்லாம் செய்தித்தாளில் வரிசையாக இறங்கின. ஜெட்டை வாயில் வைத்து ஊதினார். ஒரு திருகாணியைத் தளர்த்தினார். அதனடியிலிருந்த சுருள்கம்பி துள்ளி, செம்பருத்திச் செடிக்குள் பாய்ந்தது.

"ஒண்ணும் பயமில்லை. அது மட்டும் கிடைச்சுட்டாப் போறும்."

"ஹவ், சரி சார், அது மட்டும் கிடைக்காட்டி?" என்றார் தேவராஜ்.

"நீங்க வாயை மூடிண்டு தேடுங்கோ!"

மணி ஒன்பது ஐம்பது. கஞ்சி போட்ட புடவையோடு வேதா ஈர மண்ணில் மண்டியிட்டாள். விரலுக்கு வேரும் கல்லும் அகப்பட்டன. இது கிடைக்காமலே போனால் நிம்மதிதானே, யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லையே என்று உள்ளே ஏதோ எட்டிப் பார்த்தது. இன்ஜினுக்குப் பயப்படாதவள் அந்த நிம்மதிக்குப் பயந்துபோனாள்.

சட்டென்று எழுந்து கையை உதறினாள். "மாமா, நான் நடந்தாவது போயிடறேன்."

"என்னை நம்பு வேதா, பத்தே நிமிஷம்! இப்படி ஒரு வண்டியை வச்சுண்டிருக்கிறவனைத்தான் சொல்லணும். தண்டம்! இன்ஜினியர்னு வேற வெளியில சொல்லிக்கிறது!"

மாடிக் கொடியில் துணி உலர்த்த வந்த அவர் மனைவி அலமு, கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, நம்ம வண்டியை எதுக்கு இப்படிப் பிரிச்சுப் போட்டிருக்கேள்? வேதாவோடது படிக்கட்டுக்கடியில சமத்தா நிக்கறதே, அதை எடுத்துண்டு அவ கிளம்பட்டுமே!"