‘பேசவும்’ என்று எழுதிய துணைவேந்தர்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களின் சமூகத்திற்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. காதுகளைத் தவிர நான் நலம். தாங்களும் அத்தானும் முழங்கால் வலி நீங்கி நலமாக இருக்க வேண்டும்.

முதலில் நன்றி. ஓய்வு பெற்ற மறுவாரமே உன் சமையலறை டப்பாக்களுக்கு நான் வரிசை எண் ஒட்டியதைப் பார்த்து, “இவனை இப்படியே விட்டா நம்மளையும் கோப்புல கட்டிடுவான்” என்று அத்தானிடம் சொல்லி, இந்தத் துணைவேந்தர் பதவிக்கு நீயே விண்ணப்பம் எழுதி, என் கையெழுத்தை மட்டும் வாங்கி அனுப்பினாயே, அந்த உபகாரத்தை மறக்கமாட்டேன்.

தலைமைச் செயலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் என்னைக் காப்பாற்றியது ஒரே சொல். முடிவெடுக்கப் பயமாக இருக்கும் கோப்பில் ‘பேசவும்’ என்று எழுதிக் கீழே அனுப்பிவிடுவேன். வந்து என்னிடம் பேசு என்றுதான் அர்த்தம். ஒருவரும் வரமாட்டார்கள், கோப்பு கிணற்றில் போட்ட கல். இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் என் பழைய மேலதிகாரி, நாங்கள் பச்சை மை என்று கூப்பிடுபவர். அவர்தான் இப்போது எங்கள் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் தலைவர்.

இங்கே வந்த முதல் நாளே இருபத்துமூன்று கோப்புகளில் ‘பேசவும்’ எழுதினேன். மறுநாள் காலை என் அறை வாசலில் வரிசை! பேராசிரியர்களிடம் போய்ப் பேசச் சொன்னால் விடுவார்களா, அக்கா? உடைந்த நாற்காலிக்கு மாற்று கேட்க வந்த வரலாற்றுப் பேராசிரியர், மனிதன் தரையில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து ஆரம்பித்தார். சாப்பாட்டு வேளைக்குள் அவர் முக்காலியைக்கூட எட்டவில்லை. ஆறு மாதமாக இதே கதைதான், நானும் பழக்கதோஷத்தில் எழுதிக்கொண்டேதான் இருந்தேன்.

போன வாரம், நூலகத்தை ஐந்து மணிக்கே பூட்டுகிறார்கள் என்று மாணவர்கள் மனு கொடுத்தார்கள். அதிலும் ‘பேசவும்’. நாற்பது பேர் வந்து கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெண் எழுந்தாள். “சார், எங்க வீட்டுல ஒரே ரூம். தம்பிங்க ரெண்டு பேரு, டிவி ஒண்ணு. அஞ்சு மணிக்குப் பூட்டிட்டா நான் எங்க சார் படிக்கிறது?”

பேனா எடுத்தேன். ‘பேசவும்’ என்று எழுத முடியவில்லை, அவள்தான் பேசிவிட்டாளே! வேறு வழி தெரியாமல், ‘எட்டு மணி வரை திறக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை ஆறு மணிக்குப் போய் எட்டிப் பார்த்தால், ஜன்னல் ஓரத்து மேஜையில் அந்தப் பெண் தலை நிமிராமல் படிக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அக்கா. என் காகிதம் ஒன்று போய்ச் சேர்ந்த இடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் பதிவாளர் வந்தார். “ஐயா, ஆட்சிக்குழுவைக் கேக்காம நேரத்தை மாத்த உங்களுக்கு அதிகாரம் இல்லீங்களே.” பின்னாலேயே ஆட்சிக்குழுவிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை. ஊருக்கெல்லாம் அப்படி ஓலை அனுப்பியவன் நான், இப்போது எனக்கே வந்துவிட்டது. வேலை போனால் போகட்டும், நூலகத்தை மறுபடி பூட்டிவிடுவார்களே! அதனால், தப்பு முழுக்க என்னுடையது, நூலகத்தைத் தொடாதீர்கள் என்று எழுதி, இன்று காலை ராஜினாமாவைப் பச்சை மைக்கு அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன். மாடி அறையை ஒழித்து வை. டப்பாக்கள் பக்கமே போகமாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
முன்னாள் ஆகப்போகும் துணைவேந்தர்,
உன் தம்பி.

பி.கு.: இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டுவதற்குள் ராஜினாமா திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் பச்சை மையில் ‘பேசவும்’. விழுந்தடித்து ஓடி அவர் முன்னால் நின்றேன்.

“எதுக்குய்யா வந்த?”

“பேசச் சொல்லி எழுதியிருந்தீங்களே, ஐயா.”

தலையில் அடித்துக்கொண்டார். “எங்கிட்ட வேலை பழகிட்டு, நிஜமாவே பேச வந்து நிக்கிறியே! உங்கிட்ட விளக்கம் கேட்ட கோப்புலயும் அதையேதான் எழுதி வச்சிருக்கேன். ரெண்டும் இனி எழுந்திருக்காது. போ, போய் நூலகத்தைத் திற.”

மாடி அறையை ஒழிக்க வேண்டாம், அக்கா. டப்பாக்களில் ஒட்டிய எண்களை இனி நீ தைரியமாகக் கிழிக்கலாம்.